மலையேறி வரும் ஸ்போர்ட்ஸ் கார் யாருக்குப் பதில் சொல்கிறது?

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் தொடங்கிவிட்டால் கிரகரி வாவிக் கரையில் கொழும்புக் கார்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் தரையோடு தரையாக ஒரு போர்ஷேயோ பெராரியோ வந்து நின்றால் போதும், கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிடும். போனைத் தூக்கிப் படம் பிடிக்கும் பையன்களில் பாதிப் பேர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். காரின் சொந்தக்காரரைப் பற்றி அங்கேயே தீர்ப்பும் சொல்லியாகிவிடும். "காசுத் திமிரு" என்பார் ஒருவர். "எப்படி உழைச்சிருப்பான் பாரு" என்பார் இன்னொருவர். சில நேரம் ஒரே ஆளே இரண்டையும் சொல்வார்.

இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம். ஆடம்பரக் கார் வாங்குகிறவர்களைப் பற்றி உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை நம் மலைநாட்டுச் சூழலில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கார் தன் சொந்தக்காரரின் குணத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுகிறது. அவர் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தார், பார்க்கிறவர்கள் தன்னை என்னவென்று எண்ணிவிடக் கூடாது என்று நினைக்கிறார் என்பதைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறது.

முதலில் பொருளையே பார்ப்போம். இலங்கையில் ஒரு கார் ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70, அதிவேகப் பாதையில் 100 வரைதான் போகலாம். பெராரி 296 ஜிடிபி நின்ற இடத்திலிருந்து 100ஐத் தொட 2.9 விநாடி எடுக்கும். அதற்கு மேல் அந்த எஞ்சினில் மிஞ்சியிருக்கும் சக்தியை இந்த நாட்டின் பொதுப் பாதை எதிலும் சட்டப்படி பயன்படுத்த முடியாது. மலைக்குள் வந்தால் இன்னும் நெருக்கடி. இறம்பொடை வளைவுகளில் பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டு வர வேண்டியதுதான். பிரதான வீதியிலிருந்து தோட்டத்து ரோட்டில் இறங்கினால் அதுவும் முடியாது. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாத காரை, மழை அரித்த கல் ரோட்டில் யார் ஓட்டுவார்?

மலைக்கு மேல் போகப் போகக் காற்று மெலிவதும் ஒரு கணக்கு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின் ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றருக்கும் நூற்றுக்கு மூன்று பங்கு சக்தியை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் கொழும்பில் இருந்த பலத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் நுவரெலியா வந்து சேரும்போது குறைந்துவிட்டிருக்கும். டர்போ உள்ள எஞ்சினுக்கு இந்த இழப்பு குறைவு.

இப்படிப் பயன்படுத்த வழியில்லாத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு பணம்? அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899லேயே இதற்கு விளக்கம் சொன்னார். சில பொருட்களை மக்கள் வாங்குவது பயன்படுத்துவதற்காக மட்டுமில்லை, செலவழித்தது மற்றவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவும்தான் என்றார். பயன் குறையக் குறையச் செய்தி தெளிவாகிறது. வேலைக்காக வேன் வாங்கியவரைப் பார்த்து அவரிடம் மிச்சக் காசு இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டே இரண்டு சீட்டுள்ள காரை வாங்கியவரைப் பார்த்துச் சொல்வார்கள்.

நம் நாட்டில் இந்தச் செய்தி இன்னும் உரத்துக் கேட்கிறது. வாகனங்களுக்கான உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் சுங்க வரி, விலை கூடிய கார்களுக்குச் சொகுசு வரி, பெறுமதி சேர் வரி. பெரிய எஞ்சின் உள்ள கார் என்றால் வரியே காரின் விலையை மிஞ்சிவிடும். போதாததற்கு, 2020 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் வந்த நெருக்கடியில் ரூபா கவிழ்ந்தது. ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. வெளிநாடுகளில் கார் வாங்கிய மறுநாளே மதிப்பு இறங்கும். இங்கே அந்த வருடங்களில் கார் வைத்திருந்தவர் நகை வைத்திருந்தவரைப் போல நிம்மதியாக இருந்தார். அதனால் விலையுயர்ந்த கார் வாங்குகிறவர் எல்லாரையும் ஊதாரி என்று ஒதுக்குவது இலங்கைக் கணக்குக்கே ஒத்துவராது.

சரி, குணத்தைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான்-எரிக் லொன்க்விஸ்ட் குழுவினர் 1892 கார் சொந்தக்காரர்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கார் மட்டுமில்லாமல் பென்ஸ், பிஎம்டபிள்யூ, அவுடி போன்ற அந்தஸ்துக் கார்களைப் பற்றியது அது. பிடிவாதமும் வாக்குவாதக் குணமும் மற்றவரை மதிக்காத போக்கும் கொண்ட ஆண்களிடம் அப்படிப்பட்ட கார்கள் அதிகம் இருந்தன. நம்மில் பலர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வகையினரும் வந்தார்கள். ஒழுங்கும் பொறுப்பும் உள்ள, சொன்னதைச் செய்கிற, உடம்பைக் கவனித்துக்கொள்கிற ஆட்கள். ஆண்களும் பெண்களும் அதில் இருந்தார்கள். தரமான பொருளை வாங்கி நீண்ட நாள் பாவிக்க நினைப்பவர்கள். ஆக, "திமிரு" என்றவரும் "உழைச்சவன்" என்றவரும் ஆளுக்குப் பாதி சரி. வெளியே நின்று காரைப் பார்த்து, உள்ளே இருப்பவர் எந்த வகை என்று பிரிக்கத்தான் வழியில்லை.

2011இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு நேராக ஸ்போர்ட்ஸ் காரைத் தொட்டது. ஜில் சன்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்தது. ஒரே மாதிரியான இரண்டு ஆண்களைப் பற்றிப் பெண்களிடம் விவரித்தார்கள். ஒருவர் போர்ஷே பொக்ஸ்டர் வாங்கியவர், மற்றவர் ஹோண்டா சிவிக் வாங்கியவர். கொஞ்ச நாள் பழகுவதற்குப் போர்ஷேக்காரருக்கு ஈர்ப்புக் கூடியது. கல்யாணம் என்று கேட்டபோது அந்தக் கூடுதல் ஈர்ப்பு காணாமல் போனது. இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்க் கல்யாணத் தரகர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கார் இருக்கிறது என்று தரகர் சொன்னால், பெண்ணைப் பெற்ற அம்மா கேட்கும் முதல் கேள்வி "சொந்தமா, லீசிங்கா?" என்பது. லீசிங் முடியும் வரை வண்டிப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர்தான் இருக்கும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். காரின் பளபளப்பு மாப்பிள்ளையின் வருமானத்தைக் காட்டலாம், கடனையும் காட்டலாம். அமெரிக்கப் பெண்கள் கல்யாணம் என்றதும் பின்வாங்கியதற்கும் இந்த அம்மாவின் கேள்விக்கும் அதிக தூரம் இல்லை.

இதையெல்லாம்விட மலையகத்துக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. கெர்வின் சார்ல்ஸ், எரிக் ஹர்ஸ்ட், நிக்கொலாய் ரூசானொவ் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2009இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரே அளவு வருமானம் உள்ள வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவரையும் ஒப்பிட்டார்கள். உடை, நகை, கார் போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருட்களில் பின்னவர் இரு பகுதியினரும் கூடுதலாகச் செலவழித்தார்கள். அது அவர்களின் பண்பாட்டுக் குணம் என்று பலரும் சொல்லிவந்தது பிழை என்று இவர்கள் காட்டினார்கள். ஒருவர் சேர்ந்திருக்கும் கூட்டம் ஏழையாக இருந்தால், அவரைத் தெரியாதவர் அவரையும் ஏழை என்றே எடுத்துக்கொள்வார். அந்த எண்ணத்தை மாற்ற அவருக்குக் கண்ணில் படும் பொருள் தேவைப்படுகிறது. ஏழையான வெள்ளையர் வாழும் இடங்களில் வெள்ளையரிடமும் இதே பழக்கம் தெரிந்தது. கூட்டம் வசதியானதும் அந்தத் தேவை குறைந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் நம் வரலாறு உள்ளே வருகிறது. மலைநாட்டு ரோடுகள் பெரும்பாலும் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டவை. வெட்டியவர்கள் தோட்டத் தொழிலாளரான நம் முன்னோர். ஆனால் அந்த ரோட்டில் வண்டியில் போனவர் தோட்டத்தை நடத்திய துரை. பெரிய துரையின் கார் வருகிறது என்றால் ரோட்டை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும் என்று பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தொழிலாளிக்குக் கிடைத்த வாகனம் கொழுந்து லொறி. பிரசவ வலி எடுத்த பெண்ணும், பாம்பு கடித்த பிள்ளையும் அந்த லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு தோட்டத்தில் யார் எந்த வாகனத்தில் போகிறார் என்பதைப் பார்த்தாலே யாருக்கு யார் கீழ் என்று தெரிந்துவிடும். பெரிய துரைக்கு ஜீப், பிறகு டபுள் கெப். சின்ன துரைக்கு மோட்டார் சைக்கிள். கணக்கப்பிள்ளைக்குச் சைக்கிள், மற்றவர்களுக்கு நடைதான்.

அதோடு நிலமும் இல்லை. 1948இல் குடியுரிமையே பறிபோன சமூகம். தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறை தோட்டத்துடையது, தோட்டத்து நிலம் அரசாங்கத்துடையது. அண்மைய வருடங்களில் 7 பேர்ச் காணியும் வீடும் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், இன்னும் கிடைக்காத குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் தன் பெயரில் எழுதி வாங்கக்கூடிய முதல் பெரிய சொத்து பெரும்பாலும் ஒரு வாகனம். காணி உறுதியைத் தொட்டுப் பார்க்காத கைகள் வண்டிப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது ஒரு ஆட்டோவின் புத்தகம். ஸ்போர்ட்ஸ் காரும் அந்த ஆசையின் கடைசிப் படிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேர்த் திருவிழாவுக்கு அப்படி ஒரு கார் வந்ததைக் கண்டேன். வந்தவர் கொழும்பில் வியாபாரம் செய்கிறவர், நாற்பது வயதிருக்கும். தோட்டத்து மதகில் ஏறும்போதே வண்டியின் அடிப்பாகம் சிமெந்தில் உரசிச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் போக முடியாது என்று தெரிந்ததும், வண்டியை ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் வாசலில், மனேஜரின் டபுள் கெப் வழக்கமாக நிற்கும் இடத்தில் விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தே ஏறினார். "யாருப்பா அது?" என்று கேட்டவர்களுக்கு ஒரு பெரியவர் "நம்ம பத்தாம் நம்பர் லயத்துப் பையன்" என்று பெருமையாகச் சொன்னார். சாமி கும்பிட்டு இறங்கியபின், பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உள்ளே உட்கார வைத்து ஹோர்ன் அடிக்கவிட்டார். அவருடைய அம்மா மட்டும் ஏறவில்லை. "இம்புட்டுப் பள்ளத்துல எப்படிய்யா நான் ஏறி எறங்குறது? எனக்கு முழங்கா வலி" என்றவரைக் கோயில் கமிட்டியின் வேனில்தான் ஏற்றி அனுப்பினார்கள். கார்க்காரர் சிறு பிள்ளையாக இருந்தபோது அந்த ஸ்டோர் வாசலில் விளையாடினால் வாட்சர் விரட்டுவாராம். அன்று அவரே அந்த இடத்தில் வண்டியை நிறுத்தியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொழும்பில் அந்தக் காருக்கு என்ன அர்த்தமோ, இந்த வாசலில் அதன் அர்த்தம் வேறு.

அந்த மனிதரைப் பந்தா காட்டுகிறவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த வாசலைத் தாண்டி மலைக்கு மேலே கொழுந்து எடுக்கும் பெண்களின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1350 ரூபாவானது. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1750 ஆக்குவதாக அறிவித்தார்கள். அப்படிப்பட்ட காரின் ஒரு டயரின் விலையே அவர்களின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். பெருமையும் இந்த இடைவெளியும் ஒரே ரோட்டில்தான் நிற்கின்றன. ஒன்றைப் பேசி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

இன்னொரு பக்கம், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இரண்டு மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் முதலாளிகளைப் பாருங்கள். கட்டிடங்கள், காணிகள் என்று சொத்து இருக்கும், ஆனால் போவது பழைய டொயோட்டா வேனில். சிக்கனம் என்று நாம் சொல்வோம். சார்ல்ஸ், ஹர்ஸ்ட், ரூசானொவ் மூவரின் ஆய்வின்படி பார்த்தால் வேறு காரணமும் உண்டு. டவுனில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஓட்டுவதற்காகவே வாங்குகிறவர்கள் தனி ரகம். இவர்களுக்கு மலைநாடு சொர்க்கம். நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட ஹில் கிளைம்ப் 1930களிலேயே தொடங்கிய பந்தயம். ரதல்லையிலும் நடக்கிறது. கார்கள் கூட்டமாகப் பாய்வதில்லை. ஒவ்வொன்றாகத் தேயிலைக்கு நடுவிலுள்ள வளைவுகளில் மேலே ஏறும், நேரம் குறிக்கப்படும். அங்கே கூட்டம் கைதட்டுவது பெரும்பாலும் பெராரிக்கு இல்லை. பழைய மிட்சுபிஷி லான்சர் எவொலூஷனையும் ஹோண்டா சிவிக்கையும் கழற்றிப் பூட்டி, எடை குறைத்து, சஸ்பென்ஷன் மாற்றிக் கொண்டுவருகிறவர்களுக்குத்தான். அப்படிப்பட்டவரிடம் காரைப் பற்றிக் கேட்டால் விலையைச் சொல்ல மாட்டார். டயரின் பிடிப்பையும் பிரேக் சூடாவதையும் பற்றி அரை மணி நேரம் பேசுவார். காட்ட வாங்கியவரையும் ஓட்ட வாங்கியவரையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

வேகத்தின் மேல் நமக்குள்ள மயக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் மலைநாடு பார்த்துவிட்டது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். அதில் 8 வயதுச் சிறுமியும் ஒருத்தி. பந்தயத் திடலிலேயே இப்படி என்றால், வேலியும் உதவியாளர்களும் இல்லாத பொது வீதியில் இரவு நேரத்தில் கார்களை முறுக்குகிறவர்களைப் பார்த்து ரசிக்க ஒன்றுமே இல்லை.

கார்க் கம்பெனிகளுக்கு இந்த மனக்கணக்கெல்லாம் நன்றாகத் தெரியும். பெராரி 2024இல் உலகம் முழுவதற்கும் விற்றது 13,752 கார்கள்தான். இன்னும் நிறையச் செய்ய முடியாமல் இல்லை. எல்லாரிடமும் இருந்தால் அந்தக் கார் எதையும் சொல்லாது. போர்ஷேயும் லம்போர்கினியும் வேறு வழி பிடித்தன. 2002இல் வந்த கயெனும் 2018இல் சந்தைக்கு வந்த உருஸும் உயரமான ஜீப் வகை. இன்று இந்த இரண்டு கம்பெனிகளின் விற்பனையையும் தாங்கிப் பிடிப்பவை அந்த வகைதான். மலைநாட்டுக்காரருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நம் பக்கத்தில் அதிகாரத்தின் அடையாளம் எப்போதுமே உயரமான வண்டி. துரையின் லேண்ட் ரோவரிலிருந்து அரசியல்வாதியின் பஜிரோ, பிராடோ, டிபென்டர் வரை அப்படித்தான். தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார் பணத்தைத்தான் காட்டும். ஆளைக் கூட்டி வந்து இறக்கும் பலத்தைக் காட்டாது. தேர்தல் காலத்தில் பெராரியில் தோட்டத்துக்கு வாக்குக் கேட்டு வந்தவரை யாரும் பார்த்ததில்லை.

எனக்குக் கவலையாக இருப்பது காரை வாங்கியவரைப் பற்றி இல்லை, அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரைப் பற்றித்தான். நெதர்லாந்தில் தபால் குறியீட்டை வைத்துக் குலுக்கும் லொத்தர் ஒன்று உண்டு. பரிசு விழும் தெருவில் சீட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தோடு ஒரு பிஎம்டபிள்யூ காரும் கிடைத்து வந்தது. 2011இல் வந்த ஆய்வொன்று அந்தத் தெருக்களைப் பின்தொடர்ந்தது. பரிசு விழாத பக்கத்து வீட்டுக்காரரும் புதுக் கார் வாங்கும் வாய்ப்பு அதற்குப் பிறகு கூடியது. ஒரு காசும் வராமலே செலவு கூடியிருக்கிறது. வசதியான நாட்டில் இதைத் தாங்கிக்கொள்ளலாம். தோட்டத்தில், கொழும்புக் கடையில் வேலை செய்து அனுப்பும் பணத்தை நம்பி மோட்டார் சைக்கிள் லீசிங்கில் எடுத்து, மூன்று தவணை தவறியதும் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனபின், வாசலில் அந்த வண்டி நின்ற இடத்தைப் பார்த்துப் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பையன்களுக்கு முன்னால் ஸ்போர்ட்ஸ் கார் ஒருபோதும் நின்றிருக்காது. அதன் படம் போனில் நின்றிருக்கும்.

இனி இந்த அடையாளமும் மாறப் போகிறது. 2025இல் இறக்குமதி திறந்த பிறகு மின்சாரக் கார்கள் மலை ரோடுகளிலும் ஓடத் தொடங்கிவிட்டன. பிவைடி சீலின் பலம் கூடிய வகை, நான்கு கதவும் ஐந்து சீட்டும் உள்ள குடும்பக் கார், 3.8 விநாடியில் 100ஐத் தொடுகிறது. மோட்டாருக்குக் காற்றே தேவையில்லாததால் நுவரெலியா உயரத்தில் அதன் பலமும் குறையாது. பல கோடி கொடுத்து வாங்கிய வேகம் பக்கத்து வீட்டுக் காரிலும் இருக்கும் என்றால், பெரிய கம்பெனிகளுக்கு மிஞ்சப்போவது பெயரும் சத்தமும்தான்.

செலவு பிடிக்கும் அடையாளத்தைத்தான் ஊர் நம்பும் என்ற கோட்பாட்டுக்காக மைக்கல் ஸ்பென்ஸுக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. 1973இல் அவர் அதை எழுதியபோது எடுத்த உதாரணம் காரோ நகையோ இல்லை, படிப்பு. திறமை குறைந்தவரால் எளிதில் போலி செய்ய முடியாத அடையாளம் படிப்பு என்றார். நம் தோட்டங்களில் அந்த அடையாளமும் இப்போது பாதையோரத்துக்கு வந்துவிட்டது. உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால், சந்தியில் பிள்ளையின் படத்தோடு பேனர் கட்டுகிறார்கள். பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயர், அப்பா அம்மாவின் பெயர். பேனர் கட்டும் செலவை ஆட்டோ ஸ்டாண்ட் பையன்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த வழியாக வருகிற பஸ் கண்டக்டர்கூட "அது யார் வீட்டுப் பிள்ளை?" என்று இறங்குகிறவர்களிடம் கேட்கிறார்.